பாலிடெக்னிக்கை விட்டு நீக்கப்பட்ட மாணவர்
(சமூகவியலின் தந்தை ஆகஸ்ட் காம்ட் - ஓர் அறிமுகம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம்ம நண்பர்கள் பலர் எடிசன், ஐன்ஸ்டீன், அப்துல் கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் போற்றத்தக்கவர்களே. ஆனால் நான் எழுத வந்திருப்பது மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்காத ஒரு பெயரைப் பற்றி. அவர்தான் ஆகஸ்ட் காம்ட். பிரான்ஸ் நாட்டுக்காரர். சமூகவியல் என்ற படிப்புக்கே பெயர் வைத்தவர்.

இஞ்சின், லேத்து, வெல்டிங்னு படிக்கிற நமக்கு சமூகவியல் எதுக்குப்பா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. முதல் காரணம், இந்த மனுஷரும் நம்மைப் போல பாலிடெக்னிக் மாணவர்! இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

காம்ட் 1798 ஜனவரி 19 அன்று தெற்கு பிரான்சில் உள்ள மோன்பெலியே நகரில் பிறந்தார். அப்பா வரித்துறையில் உத்தியோகம். வீட்டில் கத்தோலிக்கப் பக்தியும் ராஜ விசுவாசமும் அதிகம். பையனோ இரண்டுக்கும் நேர் எதிர். பதினாலு வயதுக்குள்ளேயே கடவுள் நம்பிக்கையை விட்டுவிட்டார்.

அவர் பிறந்த காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ராஜாவின் தலை போனது. பிறகு நெப்போலியன் வந்தார், போர் வந்தது. அவரும் வீழ்ந்த பிறகு மறுபடியும் ராஜா வந்தார். பழைய ஒழுங்கு உடைந்துவிட்டது, புதிய ஒழுங்கு இன்னும் பிறக்கவில்லை. சமுதாயம் என்பது எதனால் சேர்ந்து நிற்கிறது, எதனால் உடைகிறது என்ற கேள்வி அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல, வாழ்க்கைக் கேள்வி!

1814இல், பதினாறு வயதில், போட்டித் தேர்வு எழுதி பாரிஸில் உள்ள எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார் காம்ட். 1794இல் புரட்சிக் காலத்தில் ஆரம்பித்த கல்விக்கூடம் அது. நம்ம டிப்ளமோ பாலிடெக்னிக் மாதிரி இல்லை. நாட்டுக்குத் தேவையான என்ஜினியர்களையும் ராணுவ அதிகாரிகளையும் உருவாக்கிய உயர்ந்த இடம். ஆனாலும் நமக்கும் அதற்கும் ஒரு சொந்தம் உண்டு. முதலாம் ஆண்டில் என்ஜினியரிங் டிராயிங்கில் எலிவேஷன், பிளான் என்று போட்டுப் போட்டு முழி பிதுங்கினோமே, அந்தப் புரொஜக்ஷன் முறைக்கு அடிப்படையான வரைபட வடிவியலை வகுத்துக் கொடுத்த காஸ்பார் மோன்ஜ் என்பவர்தான் அந்தக் கல்விக்கூடத்தை நிறுவியவர்களில் ஒருவர்!

கணக்கில் காம்ட் புலி. ஆனால் வாய் சும்மா இருக்காது. 1816 ஏப்ரலில் ஓர் ஆசிரியரின் நடத்தையை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள். காம்ட் முன்னணியில் நின்றார். ஏற்கெனவே அந்தக் கல்விக்கூடத்தின் மீது அரசுக்குச் சந்தேகம். இதையே சாக்காக வைத்து அதை இழுத்து மூடி, மாணவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கதவு திறந்தபோது காம்ட் திரும்பப் போகவில்லை. படிப்பு பாதியில் நின்றது. பதினெட்டு வயது! இப்போது எனக்கு என்ன வயதோ, அதே வயது.

சோற்றுக்கு டியூஷன், மனசுக்குத் தத்துவம்

ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் பாரிஸ் வந்தார். கணக்கு டியூஷன் எடுத்து வயிற்றைக் கழுவினார். 1817இல் சேன்-சிமோன் என்ற சிந்தனையாளரிடம் செயலாளராகச் சேர்ந்தார். தொழில்யுகம் வந்துவிட்டது, இனி உலகத்தை வழிநடத்த வேண்டியவர்கள் விஞ்ஞானிகளும் தொழில் செய்பவர்களும்தான் என்ற கருத்து உள்ளவர் அவர். காம்ட் நிறையக் கற்றுக்கொண்டார், நிறைய எழுதியும் கொடுத்தார். எழுதியது யார், பேர் யாருக்கு என்பதில் தகராறு முற்றி 1824இல் இருவரும் பிரிந்தார்கள்.

1825இல் கரோலின் மாசான் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1826இல் தன் வீட்டிலேயே நேர்நிலைத் தத்துவம் பற்றிய சொற்பொழிவு வரிசையைத் தொடங்கினார். ஹம்போல்ட் போன்ற உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பட்டம் இல்லாத ஒரு டியூஷன் வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா? ஆனால் விதி... (விதி என்று எழுதக் கூடாது, காம்ட் கோபித்துக்கொள்வார்!) மூன்று சொற்பொழிவோடு நின்றுவிட்டது. அளவுக்கு மீறிய உழைப்பு, பணக் கஷ்டம், குடும்பச் சிக்கல் எல்லாம் சேர்ந்து கடுமையான மனநோய் தாக்கியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1827இல் சேன் நதியில் குதித்து உயிரை விடப் பார்த்தார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார்.

அத்துடன் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். காம்ட் முடிக்கவில்லை. 1829இல் அதே சொற்பொழிவை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவே 1830 முதல் 1842 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த நேர்நிலைத் தத்துவப் பாடம் என்ற மாபெரும் நூல்! மனநோயும் மற்ற நோய் போல ஒரு நோய்தான், அதிலிருந்து எழுந்து வரலாம், வந்து சாதிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சமூகவியல் பிறந்த கதை

காம்ட் என்னதான் சொன்னார்? நமக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

மனித அறிவு மூன்று படிகளில் வளர்கிறது என்றார். முதல் படியில், எது நடந்தாலும் அது தெய்வத்தின் செயல். இரண்டாவது படியில், தெய்வத்தின் இடத்தில் இயற்கை, சாரம், குணம் என்று கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் காரணமாக வைக்கிறோம். மூன்றாவது படிதான் நேர்நிலை. கண்ணால் பார், அளந்து பார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடு, எது நடந்தால் எது நடக்கிறது என்ற விதியைக் கண்டுபிடி. கடைசிக் காரணம் யார் என்று தேடிக்கொண்டிருக்காதே. இதுதான் சாரம்.

அடுத்து, விஞ்ஞானங்களை வரிசையாக அடுக்கினார். கணிதம், வானியல், இயற்பியல், வேதியியல், உயிரியல். எளிமையானது முதலில் மூன்றாம் படிக்கு வந்தது, சிக்கலானது பின்னால் வந்தது. அப்படியானால் எல்லாவற்றிலும் சிக்கலான மனித சமுதாயம் கடைசியில்தானே வரும்? அதற்கும் ஒரு விஞ்ஞானம் வேண்டுமல்லவா? முதலில் அதற்குச் சமூக இயற்பியல் என்று பெயர் வைத்தார். பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியலாளர் கெட்லே அதே பெயரை 1835இல் தன் நூலுக்குப் பயன்படுத்திவிட்டார். உடனே காம்ட் லத்தீனில் ஒரு சொல், கிரேக்கத்தில் ஒரு சொல் எடுத்து, இரண்டையும் வெல்டிங் அடித்து, நான்காம் தொகுதியில் புதிய பெயரை அச்சேற்றினார். அதுதான் சோசியாலஜி, நம் தமிழில் சமூகவியல்!

இதில் நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. என்ஜினியரிங் மெக்கானிக்ஸில் ஸ்டாட்டிக்ஸ், டைனமிக்ஸ் படித்தோமே, நின்று கொண்டிருக்கும் பொருளின் மேல் செயல்படும் விசைகள் ஒன்று, ஓடுகிற பொருளின் இயக்கம் இன்னொன்று. பாலிடெக்னிக் மாணவரான காம்ட் அதையே தூக்கிக்கொண்டு போய்ச் சமுதாயத்தில் வைத்தார். குடும்பம், மதம், மொழி, தொழில் பங்கீடு எல்லாம் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு எப்படி நிற்கின்றன என்பது சமூக ஸ்டாட்டிக்ஸ். காலத்தோடு அவை எப்படி மாறுகின்றன என்பது சமூக டைனமிக்ஸ். ஒன்று ஒழுங்கு, மற்றொன்று முன்னேற்றம்.

சரி, சமுதாயத்தை லேபில் வைத்துச் சோதனை செய்ய முடியாதே? அதற்கும் காம்ட் வழி சொன்னார். சமுதாயத்தில் ஏதாவது கோளாறு ஆகும்போது கூர்ந்து பார், அதுவே இயற்கை நமக்குச் செய்து காட்டும் சோதனை என்றார். பிரேக்-டவுன் ஆன மெஷினைப் பிரித்துப் பார்க்கும்போதுதானே அது நல்லா இருந்தப்போ எப்படி ஓடிச்சுன்னு நமக்கே புரியுது!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமுதாயத்தை இப்படிக் காரண காரியத்தோடு ஆராய்ந்தவர் காம்டுக்கு முன்பே உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இபின் கல்தூன் அப்படிப்பட்டவர். ஆனாலும் பெயர் வைத்து, விஞ்ஞானங்களின் வரிசையில் இடம் போட்டுக் கொடுத்தவர் காம்ட் என்பதால் தந்தை பட்டம் அவருக்குப் போயிற்று.

வேலை கொடுத்த வாசல், வேலை பறித்த வாசல்

எந்தக் கல்விக்கூடம் வெளியே அனுப்பியதோ அதே எக்கோல் பாலிடெக்னிக்கில் 1832இல் துணை ஆசிரியர் வேலை கிடைத்தது. பிறகு நுழைவுத் தேர்வு நடத்தும் தேர்வாளராகவும் ஆனார். ஆனால் பேராசிரியர் பதவிக்கு எத்தனை முறை விண்ணப்பித்தும் கிடைக்கவே இல்லை. 1842இல் ஆறாம் தொகுதியின் முன்னுரையில் பெரிய விஞ்ஞானிகளைக் காரசாரமாகத் தாக்கி எழுதினார். பலன், 1844இல் தேர்வாளர் வேலை போனது. 1851இல் மிச்சமிருந்த வேலையும் போனது. 1842இலேயே மனைவியும் பிரிந்து போயிருந்தார். இங்கிலாந்தின் ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற அறிஞர்கள் ஆள் சேர்த்துப் பணம் அனுப்பி உதவினார்கள். அதற்குப் பிறகு அன்பர்கள் சந்தா போட்டுக் கொடுத்த காசில்தான் அவர் காலம் தள்ளினார்.

இந்தக் கஷ்டத்திலும் அவர் செய்த ஒரு காரியம் என் மனதைத் தொட்டது. 1831இல் தொடங்கி ஏறக்குறைய 17 ஆண்டுகள் பாரிஸ் தொழிலாளர்களுக்குக் கட்டணமே வாங்காமல் வானியல் பாடம் நடத்தினார். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்கள் உட்கார்ந்து நட்சத்திரக் கணக்கைக் கேட்டார்கள். படிப்பு என்பது படித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அல்ல என்று வாயால் சொல்லாமல் செய்து காட்டியவர் அவர்.

குறையும் உண்டு

பெரியவர் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. தன் மூளை கெட்டுவிடும் என்று சொல்லி, 1838 வாக்கில் தன் துறையில் மற்றவர் எழுதியதைப் படிப்பதையே நிறுத்திவிட்டார்! நட்சத்திரங்கள் எந்த வேதிப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று 1835இல் எழுதினார். அவர் கண்மூடி இரண்டே வருடத்தில், 1859இல், கிர்க்காஃபும் பன்சனும் நிறமாலையைப் பிரித்துப் பார்த்து அதையும் கண்டுபிடிக்க வழி காட்டிவிட்டார்கள். பெண்கள் ஆணுக்கு அடங்கி வீட்டில் இருக்க வேண்டியவர்கள் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஆறு தொகுதிகளையும் சுருக்கி 1853இல் ஆங்கிலத்தில் தந்து உலகம் அறியச் செய்தவர் ஒரு பெண், ஹாரியட் மார்ட்டினோ. சிறு வயதிலேயே காது கேட்கும் திறனை இழந்தவர். தானே ஒரு சிறந்த சமூக ஆராய்ச்சியாளர்!

1844இல் க்ளோட்டில்ட் தெ வோ என்ற பெண்ணைச் சந்தித்து உயிருக்கு உயிராக நேசித்தார் காம்ட். 1846இல் அவர் காசநோயால் இறந்தார். அதன் பிறகு காம்டின் போக்கே மாறியது. மனித குலத்தையே வணங்கும் மனிதகுல மதம் ஒன்றை உருவாக்கினார். மாதத்துக்கு 28 நாளாக 13 மாதம் கொண்ட காலண்டர் போட்டார். அதில் ஆர்க்கிமிடீஸ் பெயரில் ஒரு மாதம், கூட்டன்பர்க் பெயரில் ஒரு மாதம். நம்ம ஜேம்ஸ் வாட்டுக்கும் அதில் இடம் உண்டு! தெய்வம் வேண்டாம் என்றவர் கடைசியில் தானே ஒரு குருவாக உட்கார்ந்துவிட்டாரே என்று பழைய நண்பர்கள் பலர் விலகினார்கள்.

1857 செப்டம்பர் 5 அன்று புற்றுநோயால் பாரிஸில் காலமானார். வயது 59. பிரேசில் நாட்டுக் கொடியின் நடுவில் ஒழுங்கும் முன்னேற்றமும் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது, கால்பந்துப் போட்டி பார்ப்பவர்கள் கவனித்திருக்கலாம். அது காம்டின் வாசகத்திலிருந்து 1889இல் எடுத்தது. அவர் வாசகத்தில் முதலில் அன்பு இருந்தது. கொடிக்குப் போகும்போது அன்பு விட்டுப் போய்விட்டது.

காம்டுக்குப் பின்

அவர் இறந்த மறு வருடம் பிறந்த எமில் துர்க்கைம்தான் சமூகவியலை பிரான்சில் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தெடுத்தவர். தற்கொலை என்ற தனிமனிதச் செயலிலும் சமுதாயத்தின் பங்கு உண்டு என்று புள்ளிவிவரத்தோடு 1897இல் நிறுவினார். இவர் வழியில் வந்ததுதான் செயற்பாட்டுக் கோட்பாடு. சமுதாயம் ஓர் உடம்பு மாதிரி, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு என்கிறது அது. கார்ல் மார்க்ஸிடமிருந்து (1818-1883) வந்தது முரண்பாட்டுக் கோட்பாடு. உடம்பு என்று சொல்லி ஏமாறாதே, சொத்தும் அதிகாரமும் யார் கையில், உழைப்பு யார் தலையில் என்று பார் என்கிறது. அமெரிக்காவில் சிகாகோவின் மீட் வழியில் வந்து, 1937இல் புளூமர் பெயர் வைத்தது குறியீட்டு இடைவினைக் கோட்பாடு. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும்போது கொடுக்கும் அர்த்தங்களில்தான் சமுதாயம் இருக்கிறது என்கிறது.

நம்ம பாலிடெக்னிக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் கண்ணாடியில் பார்த்தால், தொழிற்சாலைக்குத் தேவையான தொழில்நுட்பர்களைத் தயார் செய்யும் உறுப்பு இது. இரண்டாவது கண்ணாடியில், யார் வீட்டுப் பிள்ளை நேரே பி.இ. போகிறது, யார் வீட்டுப் பிள்ளை பத்தாவது முடித்ததும் சீக்கிரம் சம்பாதிக்கணும்னு இங்கே வருது என்பது தெரியும். மூன்றாவது கண்ணாடியில், இவன் வெறும் டிப்ளமோதானே, அவன் அரியர் கேஸ் என்ற ஒரு வார்த்தை ஒருத்தனை எப்படி உள்ளுக்குள் உடைக்கிறது என்பது தெரியும். மூன்றும் தேவை. ஒரு ஜாப்புக்கு மூன்று வியூ போட்டால்தானே முழு உருவம் கிடைக்கும்!

இரண்டாவது காரணம்

இப்போது முதலில் பாக்கி வைத்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான் முதல் ஆள். அப்பா சென்ட்ரிங் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் தெருவில் யாராவது படிப்பை விட்டால், அவன் தலையெழுத்து என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள், அவனுக்குப் படிப்பு ஏறாது, பரம்பரைக் குணம் என்பார்கள். காம்டைப் படித்த பிறகு யோசித்தேன். தலையெழுத்து என்பது முதல் படி. குணம் என்பது இரண்டாவது படி. மூன்றாவது படிக்கு நாம் யாருமே ஏறவில்லையே!

முதலாம் ஆண்டில் எங்களோடு சேர்ந்தவர்களில் நான்கு பேர் இன்று வகுப்பில் இல்லை. சோம்பேறிகள் என்று முடித்துவிட்டோம். நானும் இரண்டு நண்பர்களும் அந்த நான்கு வீட்டுக்கும் போய் வந்தோம். நான்கு பேருமே பத்தாவது வரை தமிழ் மீடியம். நான்கு பேருமே முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். மூன்று பேர் இரவில் வேலைக்குப் போனவர்கள். மூன்று பேர் வீட்டில் இவர்கள்தான் முதல் படிப்பாளி. தலையெழுத்து நான்கு பேருக்கும் ஒரே கையெழுத்தில் இருக்குமா நண்பர்களே? நான்கு பேரை வைத்து விதி எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் விசாரிக்காமல் சோம்பேறி என்று முத்திரை குத்தவும் முடியாது.

அதில் ஒருவன் என்னிடம், இனிமே வந்தா உட்கார வைப்பாங்களாடா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் தாழ்மையான வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஒரு நோட்டுப் போடுவோம். வருகை குறைகிற ஒவ்வொரு முதலாமாண்டு மாணவனையும் மாணவியையும் போய்ப் பார்த்து, காரணத்தை அதில் எழுதுவோம். எத்தனை பேருக்குக் கணக்கு, எத்தனை பேருக்கு ஆங்கிலம், எத்தனை பேருக்கு பஸ், எத்தனை பேருக்கு வீட்டுக் கஷ்டம் என்று எண்ணுவோம். கணக்குதான் காரணம் என்றால் மூன்றாமாண்டு மாணவர்கள் நாங்களே சாயங்காலம் சொல்லிக் கொடுப்போம். முடித்தவர்களின் டிராயிங் போர்டு, மினி டிராஃப்டரை வாங்கி வைத்து இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். நின்றுபோனவர்கள் திரும்பச் சேர என்ன வழி என்று அலுவலகத்தில் கேட்டு, நோட்டீஸ் போர்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டுவோம்.

பாரிஸில் ஒரு மாணவனைப் படிப்பை விட்டு அனுப்பினார்கள். அவன் ஒரு விஞ்ஞானத்துக்கே பெயர் வைத்தான். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. பெரும்பாலோருக்கு வேண்டியது, ஏன் வரலேன்னு வீடு தேடி வந்து கேட்கும் ஒரு ஆள்தான்.

அந்த நோட்டில் முதல் பக்கம் எழுத நான் தயார். கூட வருகிறவர்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு வகுப்பில் வந்து பேர் கொடுங்கள்!



- இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு